இலைச் சுருள்களை எண்ணக் கற்றல்: தூய கணிதத்துக்கும் தாவரப் பரிணாமத்துக்கும் ஒரே வாசல்

தண்டைச் சுற்றி இலைகளும், பூத்தலையில் விதைகளும் எந்த ஒழுங்கில் அமைகின்றன என்பதை ஆராயும் பகுதிக்கு இலையடுக்கம் என்று பெயர். ஜெனீவாவைச் சேர்ந்த சார்லஸ் பொன்னே 1754இல் இதைப் பற்றி எழுதிய காலத்திலிருந்து தாவரவியலாளரும் கணிதவியலாளரும் மாறி மாறி இதற்குள் வந்திருக்கின்றனர். அண்மையில் இரு தரப்பிலிருந்தும் முக்கியமான முடிவுகள் வெளியாகியுள்ளன. சூரியகாந்தித் தலையைப் போன்ற சுருளில் புள்ளிகள் நெரிசலும் வெற்றிடமும் இல்லாமல் பரவுவதற்கு எந்தக் கோணங்கள் பொருந்தும் என்பதை ஜப்பானியக் கணிதவியலாளர் ஷிகெகி அகியாமா 2020இல் முழுமையாக நிறுவினார். 2023 ஜூனில், எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஹோலி-ஆன் டர்னர், அலெக்ஸாண்டர் ஹெதரிங்டன் முதலானோர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, 40.7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் இலைத்தாவரத்தின் புதைபடிவத்தில் ஃபிபொனாச்சி அல்லாத சுருள்களே இருந்தன என்று காட்டியது. (முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்ற வரிசையே ஃபிபொனாச்சி வரிசை. சுருள்களின் எண்ணிக்கைகள் இதில் அடுத்தடுத்த எண்களாக இருந்தால் அவை ஃபிபொனாச்சிச் சுருள்கள்.) இரண்டையும் சேர்த்துப் படித்தால், 'இயற்கை எங்கும் ஃபிபொனாச்சி' என்று நாம் கேட்டுவரும் கூற்று எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது என்பது விளங்கும்.

மேல்நிலைப் பள்ளிக் கணிதமும் தாவரவியலும் படித்த எவரும் இந்த இரண்டு ஆய்வுகளின் வாசல் வரை தாமே செல்ல முடியும். அதற்குத் தேவையானவை ஓர் அன்னாசிப் பழம், இரண்டு நிறக் குண்டூசிகள், ஒரு பாகைமானி, கணினியிலோ கைபேசியிலோ ஓர் அட்டவணைச் செயலி ஆகியவை மட்டுமே. ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இலைகள் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் விலகி வந்தால் என்ன வடிவம் உண்டாகும் என்பது கணிதத்தின் கேள்வி. வளரும் செடி அந்தக் கோணத்தை எப்படி அடைகிறது என்பது வளர்ச்சி உயிரியலின் கேள்வி. எந்தத் தாவரக் குலத்தில், எந்தக் காலத்தில் அந்த வடிவம் தோன்றியது என்பது பரிணாமத்தின் கேள்வி. இந்த மூன்றையும் கலந்துவிடுவதாலேயே இத்துறையைப் பற்றிய பெரும்பாலான தவறான கருத்துகள் பிறக்கின்றன. ஆகவே கீழ்வரும் படிகளை இந்த வரிசையிலேயே பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: அமைப்பின் வகையை அறிதல்

எண்ணத் தொடங்குமுன், கணுவுக்கு எத்தனை இலைகள் என்று பாருங்கள். எருக்கிலும் துளசியிலும் ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிரே நிற்கும். அடுத்த கணுவின் இணை அதற்குக் குறுக்காக அமையும். அரளியில் பெரும்பாலும் மூன்று இலைகள் ஒரு வட்டமாக நிற்கும். ஏழிலைப்பாலையின் வட்டத்தில் அதைவிடக் கூடுதலான இலைகள் இருக்கும். நெல், கரும்பு, சீதா ஆகியவற்றில் கணுவுக்கு ஓர் இலையே உண்டு. அவை இடமும் வலமுமாக இரண்டே வரிசையில் ஏறும். செம்பருத்தியிலும் பப்பாளியிலும் கணுவுக்கு ஓர் இலை வந்தாலும் அது இரு வரிசையில் அடங்காமல் தண்டைச் சுற்றிச் சுருளாக ஏறுகிறது. இந்தச் சுருள் வகையே நமக்கு உரியது. வீடுகளில் பலர் வளர்க்கும் இன்சுலின் செடியையும் ஒருமுறை பார்த்துவையுங்கள்: அதன் இலைகள் அடுத்தடுத்து மிகச் சிறிய கோணத்தில் விலகி, ஒரே படிக்கட்டாகத் தண்டைச் சுற்றுகின்றன. சுருள் என்றாலே ஃபிபொனாச்சி அல்ல என்பதற்கு வாசலிலேயே கிடைக்கும் சான்று அது.

இரண்டாம் படி: அன்னாசியில் எண்ணுதல்

முதல் பயிற்சிக்குச் சூரியகாந்தியை எடுக்க வேண்டாம். அதில் சுருள்களின் எண்ணிக்கை மையத்திலிருந்து விளிம்புக்குப் போகப் போக மாறுவதால் புதியவர் குழம்பிவிடுவார். அன்னாசியின் கண்கள் பெரியவை, ஏறத்தாழ அறுகோண வடிவம் கொண்டவை, உருளை போன்ற பரப்பில் சீராக அடுக்கப்பட்டவை. ஒவ்வொரு கண்ணும் தன் அண்டைக் கண்களோடு சேர்ந்து மூன்று திசைகளில் வரிசை அமைக்கும்: ஒன்று சற்றே சாய்ந்து ஏறும், இரண்டாவது எதிர்ப்பக்கம் அதைவிடச் செங்குத்தாக ஏறும், மூன்றாவது மிகவும் செங்குத்தாக நிற்கும். ஒரே திசையில் செல்லும் வரிசைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சுருள் குடும்பம் என்று கொள்வோம்.

பழத்தின் நடுப்பகுதியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். குறைந்த சாய்வுள்ள குடும்பத்தில் ஒரு வரிசையைத் தேர்ந்து, அது ரப்பர் பேண்டைக் கடக்கும் இடத்தில் சிவப்புக் குண்டூசியைக் குத்துங்கள். பின்னர் பழத்தைச் சுழற்றி, அதற்கு இணையான அடுத்த வரிசை, அதற்கடுத்தது என்று எண்ணிக்கொண்டே குண்டூசி மீண்டும் வரும்வரை செல்லுங்கள். பெரும்பாலான பழங்களில் 8 கிடைக்கும். எதிர்ச் சாய்வுக் குடும்பத்துக்கு வேறு நிறக் குண்டூசியுடன் இதையே செய்தால் 13 வரும். செங்குத்துக் குடும்பத்தில் 21 வரும். சிறிய பழங்களில் 5, 8, 13 என்று வரலாம். முதல் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை மூன்றாவது எண்ணாக இருக்க வேண்டும் என்பது நல்ல சரிபார்ப்பு விதி. அப்படி இல்லையென்றால் எங்கோ ஒரு வரிசை விடுபட்டிருக்கிறது, அல்லது பழத்தின் அந்தப் பகுதியில் அமைப்பே மாறியிருக்கிறது. இரண்டாவது காரணத்தையும் மதித்து, வேறு உயரத்தில் மீண்டும் எண்ணிப் பாருங்கள்.

இப்போது கண்களுக்கு எண் இடலாம். அடியில் ஒரு கண்ணுக்கு 0 என்று பெயரிடுங்கள். 8 வரிசைகள் கொண்ட குடும்பத்தில் மேலே ஏறினால் அடுத்த கண் 8, அதற்கடுத்தது 16. 13 வரிசைகள் கொண்ட குடும்பத்தில் ஏறினால் 13, பிறகு 26. 8ஆம் கண்ணிலிருந்து 13இன் திசையில் ஏறினாலும், 13ஆம் கண்ணிலிருந்து 8இன் திசையில் ஏறினாலும் ஒரே கண்ணுக்கு, அதாவது 21ஆம் கண்ணுக்கே வந்து சேர்வீர்கள். பழம் முழுவதையும் இப்படி நிரப்பினால், எந்தக் கண் எப்போது தோன்றியது என்ற கால வரிசை உங்கள் கையில் இருக்கும். செடியின் வளர்ச்சியை நேரில் காணாமலேயே அதன் வரலாற்றைப் பரப்பிலிருந்து மீட்டெடுக்கும் இந்த உத்தி, பின்னர் புதைபடிவத்தைப் பற்றிப் படிக்கும்போது மிகவும் உதவும்.

எண்ணும்போது, எதிர்பார்த்த எண்ணை நோக்கி மனம் சாய்வது இயல்பு. இதற்கு எதிரான முன்மாதிரி 2012இல் மான்செஸ்டரில் நடந்தது. இலையடுக்கத்தின் கணிதத்தை 1954இல் தாம் இறக்கும்வரை ஆராய்ந்த கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங்கின் நினைவாக, பொதுமக்களைச் சூரியகாந்தி வளர்த்து எண்ணச் சொன்ன முயற்சி அது. ஜொனாதன் ஸ்விண்டனும் எரின்மா ஓச்சுவும் 2016இல் வெளியிட்ட முடிவுகளில் 657 பூக்களின் தரவு இருந்தது. அதில் மிகவும் நம்பத்தக்க பகுதியில் இருந்த 768 சுருள் எண்ணிக்கைகளில் 565 ஃபிபொனாச்சி எண்கள், வேறு 67 எண்கள் முன்கூட்டியே வரையறுத்த வேறு ஃபிபொனாச்சி வகை அமைப்பைச் சேர்ந்தவை. மீதமுள்ளவை எதிலும் அடங்காதவை. அவற்றைப் பிழை என்று தள்ளிவிடாமல் அப்படியே வெளியிட்டதே அந்த ஆய்வின் பெருமை என்று நான் கருதுகிறேன். உங்கள் குறிப்பேட்டிலும் 12 வந்தால் 12 என்றே எழுதுங்கள்.

மூன்றாம் படி: எண்ணிக்கையிலிருந்து கோணத்தைக் கண்டறிதல்

அடுத்தடுத்துத் தோன்றும் இரண்டு இலைகளுக்கு இடையே தண்டைச் சுற்றி எத்தனை பாகை விலகல் இருக்கிறதோ அதுவே விலகு கோணம். இதைப் பாகைமானியால் அளப்பது கடினம். தண்டு முறுக்கிக்கொண்டால் அளவு தவறிவிடும். எதிரெதிரே சாயும் இரண்டு சுருள் குடும்பங்களின் எண்ணிக்கை தெரிந்தாலே கோணம் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடலாம் என்பது இத்துறையின் அடிப்படைத் தேற்றம்.

செய்முறை எளிது. 8, 13 என்ற இணையை எடுத்துக்கொள்ளுங்கள். 8ஐப் பகுதியாகக் கொண்ட ஒரு பின்னத்தையும் 13ஐப் பகுதியாகக் கொண்ட ஒரு பின்னத்தையும், குறுக்குப் பெருக்கலின் வேறுபாடு சரியாக 1 ஆகுமாறு, இரண்டும் அரையைவிடச் சிறியவையாகத் தேடுங்கள். 3/8, 5/13 ஆகியவை பொருந்தும்; ஏனெனில் 3×13 = 39, 5×8 = 40. இவற்றை 360ஆல் பெருக்கினால் 135°, 138.46° என்ற எல்லைகள் கிடைக்கும். உங்கள் அன்னாசியின் விலகு கோணம் இவற்றுக்கு இடையில் உள்ளது. சூரியகாந்தியில் 34, 55 என்று எண்ணினால் 13/34, 21/55 ஆகிய பின்னங்கள் வந்து, எல்லை 137.65°க்கும் 137.45°க்கும் இடையே சுருங்கிவிடும். கூடுதல் சுருள்கள் தெரியத் தெரியக் கோணம் நெருக்கமாகப் பிடிபடுகிறது. வெறும் எண்ணிக்கை இவ்வளவு துல்லியம் தருவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

வேறு இணைகளையும் முயன்று பாருங்கள். 7, 11 வந்தால் 2/7, 3/11 என்ற பின்னங்கள் 102.86°க்கும் 98.18°க்கும் இடையே கோணத்தை வைக்கும். இது லூகாஸ் வரிசை எனப்படும் 1, 3, 4, 7, 11, 18 என்பதைச் சேர்ந்தது. 10, 16 போன்று பொது வகுத்தி 2 உள்ள இணை வந்தால், ஒரே நேரத்தில் இரண்டிரண்டு உறுப்புகள் தோன்றியிருக்கின்றன என்று பொருள். எண்களை 2ஆல் வகுத்து 5, 8 என்று கணக்கிட்டு, கிடைக்கும் கோணத்தையும் பாதியாக்க வேண்டும். 7, 8 என்ற இணைக்கு 1/7, 1/8 ஆகியவை பொருந்துகின்றன, கோணம் 51.43°க்கும் 45°க்கும் இடையில் இருக்கும். இந்தக் கடைசி இணையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: புள்ளிகளை இட்டுப் பார்த்தல்

ஒரு தாளில் வட்டம் வரைந்து, 0°யில் தொடங்கி ஒவ்வொரு முறையும் 137.5° சுழற்றிப் புள்ளி வையுங்கள். ஐந்து புள்ளிகள் வைத்ததும் அவை 0, 52.5, 137.5, 190, 275 ஆகிய பாகைகளில் நிற்கும், இடைவெளிகள் 52.5, 85 என்ற இரண்டே அளவுகளில் இருக்கும். ஆறாவது புள்ளி 327.5°யில் விழுந்து, ஒரு 85° இடைவெளியை 52.5 என்றும் 32.5 என்றும் பிரிக்கும். இப்போது மூன்று அளவுகள். எத்தனை புள்ளிகள் வைத்தாலும், எந்தக் கோணத்தில் தொடங்கினாலும், மூன்றுக்கு மேற்பட்ட இடைவெளி அளவுகள் ஒருபோதும் வாரா. ஹியூகோ ஸ்டெயின்ஹாஸ் ஊகித்த இதனை வேரா ஷோஷ் முதலானோர் 1950களின் இறுதியில் நிறுவினர். இதற்கு மூன்று இடைவெளித் தேற்றம் என்று பெயர். புதிய புள்ளி எப்போதும் இருப்பதிலேயே பெரிய இடைவெளி ஒன்றில்தான் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். ஆறாம் படியில் இது மீண்டும் தேவைப்படும்.

வட்டத்திலிருந்து தட்டுக்குச் செல்ல அட்டவணைச் செயலியைத் திறங்கள். முதல் நிரலில் 1 முதல் 500 வரை வரிசை எண். இரண்டாவதில் அந்த எண்ணை 137.508ஆல் பெருக்கிய கோணம். மூன்றாவதில் வரிசை எண்ணின் வர்க்கமூலத்தை ஆரமாகக் கொண்டு, அதைக் கோணத்தின் கொசைனால் பெருக்கிய மதிப்பு. நான்காவதில் சைனால் பெருக்கிய மதிப்பு. செயலி ரேடியனில் கணக்கிடும் என்பதால் பாகையை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். கடைசி இரண்டு நிரல்களைப் புள்ளி வரைபடமாக்கினால் சூரியகாந்தித் தலை திரையில் தோன்றும். ஹெல்முட் ஃபோகல் 1979இல் முன்வைத்த மாதிரி இதுவே. வர்க்கமூலம் ஏன் என்று கேட்பவர்களுக்கு: வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஒவ்வொரு விதைக்கும் சம பரப்பு கிடைக்க வேண்டுமானால் ஆரம் வர்க்கமூலமாக வளர வேண்டும்.

இனி கோணத்தை மாற்றுங்கள். 135° கொடுத்தால் தட்டு எட்டு நேர்க்கோடுகளாகச் சுருங்கிவிடும். 137.3° கொடுத்தால்கூட வெளிப்பகுதியில் வெற்றிடங்கள் தெரியத் தொடங்கும். 114.592° கொடுத்தால், அதாவது 360ஐப் பையால் வகுத்த கோணத்தைக் கொடுத்தால், பை என்பது 22/7க்கு மிக அருகில் இருப்பதால் 22 கரங்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கும். அடுத்து 99.502, 77.955, 47.256 ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள். மையத்தருகே அமைப்பு மாறுபட்டாலும், வெளிப்பகுதி, பொற்கோணம் எனப்படும் 137.508°யைப் போலவே ஒழுங்காக நிரம்பும். புதியவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிச் சோதனையைச் செய்வதில்லை. செய்யாவிட்டால் அடுத்த படியின் சாரம் விளங்காது.

ஐந்தாம் படி: தொடர் பின்னமும் புதிய தேற்றமும்

137.508ஐ 360ஆல் வகுத்தால் 0.381966. அதன் தலைகீழி 2.618, முழு எண் 2ஐ நீக்கி மீதியைத் தலைகீழாக்கினால் 1.618, 1ஐ நீக்கித் தலைகீழாக்கினால் மீண்டும் 1.618. முடிவின்றி 1 மட்டுமே வந்துகொண்டிருக்கும். இப்படி நீக்கிய முழு எண்களின் வரிசைதான் தொடர் பின்னம். அதை இடையிடையே வெட்டினால் 1/2, 1/3, 2/5, 3/8, 5/13, 8/21 என்ற பின்னங்கள் கிடைக்கின்றன. பகுதிகளைப் பாருங்கள்: அன்னாசியில் நாம் எண்ணியவை அவையே. சுருள்களில் தெரியும் எண்கள், விலகு கோணத்தை நெருங்கும் சிறந்த பின்னங்களின் பகுதிகள் ஆகும்.

தொடர் பின்னத்தில் பெரிய எண் ஒன்று வந்தால், அதற்கு முந்தைய பின்னம் அந்தக் கோணத்தை மிக நன்றாக நெருங்கிவிட்டது என்று பொருள். அப்போது புள்ளிகள் கரங்களாக ஒட்டிக்கொள்ளும். 1 மட்டுமே வந்தால் எந்தப் பின்னமும் நன்றாக நெருங்காது. எல்லா விகிதமுறா எண்களுக்கும் பொதுவாக உறுதியளிக்கக்கூடிய நெருக்கத்தின் எல்லையில் √5 என்ற மாறிலி வருகிறது என்றும், 1.618 என்ற பொன் விகிதம் இருப்பதால் அதை இதற்கு மேல் மேம்படுத்த முடியாது என்றும் அடோல்ஃப் ஹுர்விட்ஸ் 1891இல் நிறுவினார்.

அகியாமாவின் தேற்றம் இங்கிருந்து தொடங்குகிறது. எந்த இரண்டு புள்ளிகளும் குறிப்பிட்ட தொலைவுக்கு மேல் நெருங்காமலும், குறிப்பிட்ட அளவைவிடப் பெரிய வெற்றிடம் எங்கும் இல்லாமலும் அமைந்த புள்ளிக் கூட்டத்தை டெலோனே கணம் என்பர். நான்காம் படியில் வரைந்த சுருள் டெலோனே கணமாக இருப்பதற்குத் தேவையானதும் போதுமானதுமான நிபந்தனை, கோணத்தின் தொடர் பின்னத்தில் வரும் எண்கள் ஒரு வரம்புக்குள் அடங்கியிருப்பதே என்று அவர் நிறுவினார். அடுத்து கணிதவியலாளர் ஜென்ஸ் மார்க்லோஃப், கோணமும் வர்க்கமூலத்தைப் பின்பற்றி வளருமாறு சுருளை மாற்றினால் இந்த நிபந்தனையே தேவையில்லை என்று காட்டினார். அவரும் ஆலன் ஹெய்ன்ஸும் இணைந்து, மூன்று இடைவெளித் தேற்றத்தை இரண்டு பரிமாணத்துக்கு விரித்து, அங்கே மிக அருகில் உள்ள அண்டைப் புள்ளிக்கான தொலைவு ஐந்து அளவுகளுக்கு மேல் வாராது என்று நிறுவியுள்ளனர். முப்பரிமாணத்தில் அவர்களால் 13 வரை மட்டுமே கட்டுப்படுத்த முடிந்திருக்கிறது, ஆயினும் உண்மை எண் 9 என்பது அவர்களின் ஊகம். இவை தூய கணிதக் கேள்விகள்.

இப்போது 47.256° கோணத்துக்குத் திரும்புவோம். அதன் தொடர் பின்னம் 7 என்று தொடங்கி, பிறகு 1, 1, 1 என்றே செல்கிறது. 99.502°க்கு முதல் எண் 3, பொற்கோணத்துக்கு 2. தொடக்கம் மட்டுமே வேறு, வால் ஒன்றே. ஆகவே மூன்றும் அகியாமாவின் நிபந்தனையை நிறைவுசெய்கின்றன. மூன்றுக்கும் ஹுர்விட்ஸின் மாறிலி √5தான். விதைகளை நன்றாக அடுக்குவதற்காகவே செடி 137.5°ஐத் தேர்ந்தது என்ற பரவலான விளக்கம் இந்தத் தேற்றங்களிலிருந்து கிடைப்பதில்லை. கணிதம் ஒரு பெருங்கூட்டமான கோணங்களுக்கு அனுமதி கொடுக்கிறது. அவற்றுள் ஒன்று மட்டும் இன்றைய சுருள் தாவரங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் காணப்படுவதற்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

ஆறாம் படி: நுனியில் நடப்பதை அறிதல்

இலைகள் தண்டு நுனியில் உள்ள ஆக்குத்திசுவின் ஓரத்தில் சிறு புடைப்புகளாகத் தோன்றுகின்றன. முந்தைய புடைப்புகள் விட்டுவைத்த மிகப் பெரிய இடத்தில் அடுத்தது தோன்றும் என்று வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் 1868இல் எழுதினார். ஸ்டீஃபன் டுவாடியும் ஈவ் கூடேரும் 1992இல் செடியே இல்லாமல் இதைச் சோதித்தனர்: காந்தப் புலத்தில் எண்ணெய்த் தட்டின் நடுவே காந்தத் திரவத் துளிகளை ஒழுங்கான இடைவெளியில் விட, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே நகர்ந்த துளிகள், விடும் வேகம் கூடக் கூட 180°யிலிருந்து பொற்கோணத்தை நோக்கித் தாமே நகர்ந்தன. 2003இல் டிடியர் ரைன்ஹார்ட், கிறிஸ் குலெமையர் முதலானோர், ஆக்சின் என்ற ஊக்கியும் அதைக் கடத்தும் புரதமும் இந்தத் தள்ளலை உயிருள்ள நுனியில் எவ்வாறு நிகழ்த்துகின்றன என்று விளக்கினர்: தோன்றிவிட்ட புடைப்பு தன் சுற்றிலிருந்து ஆக்சினை இழுத்துக்கொள்வதால், அடுத்தது தள்ளியே தோன்ற முடியும்.

இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தண்டின் சுற்றளவோடு ஒப்பிடப் புடைப்பின் அளவு மெல்ல மெல்லக் குறைந்தால், சுருள் இணை 1, 2 என்பதிலிருந்து 2, 3 ஆகவும், 3, 5 ஆகவும், 5, 8 ஆகவும் படிப்படியாக மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிய எண் விலகி, கூட்டுத்தொகை உள்ளே வருகிறது. இந்த மாற்றம் திடீரென்று நிகழ்ந்தால், இரண்டு எண்களும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் வேறு வகை அமைப்பு உண்டாகலாம் என்று கோலே, டூமே, டுவாடி மூவரும் 2016இல் காட்டினர். அதாவது ஃபிபொனாச்சி என்பது எங்கும் எழுதிவைக்கப்பட்ட எண் அல்ல. மெதுவான, தொடர்ச்சியான வளர்ச்சியின் விளைவு.

ஏழாம் படி: 40.7 கோடி ஆண்டுகளுக்குப் பின்னே செல்லுதல்

ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் ரைனி என்ற சிற்றூர் உள்ளது. அங்கே வெந்நீர் ஊற்றுகளின் சிலிக்கா, டெவோனியக் காலத்துச் செடிகளை அவை நின்ற இடத்திலேயே ஊடுருவி, உயிரணு வடிவம்வரை பாறையாக்கிவிட்டது. வில்லியம் மேக்கி என்ற மருத்துவர் 1910களில் கண்டறிந்த இந்தப் பாறையின் தாவரங்களை ராபர்ட் கிட்ஸ்டனும் வில்லியம் லாங்கும் விவரித்தனர். அவற்றுள் ஒன்றான ஆஸ்டிராக்சிலான் மேக்கியை என்பது இலை தாங்கிய மிகப் பழைய தாவரங்களில் ஒன்று. அது லைக்கோபாட் என்னும், பூக்காமல் வித்துகளால் பெருகும் தொன்மையான தாவரக் குலத்தைச் சேர்ந்தது.

பாறையில் தெரிவது வெட்டுமுகம் மட்டுமே. அன்னாசியைப் போலச் சுற்றிப் பார்க்க முடியாது. எனவே டர்னர், மேத்யூ ஹம்பேஜ், ஹான்ஸ் கெர்ப், ஹெதரிங்டன் ஆகியோர் வெட்டுமுகங்களிலிருந்து இலைத் தண்டுகளை முப்பரிமாணத்தில் மீட்டுருவாக்கி, இரண்டாம் படியில் நாம் செய்ததைப் போலவே சுருள்களை எண்ணினர். சில தண்டுகளில் இலைகள் வட்டமாகவும் சிலவற்றில் சுருளாகவும் இருந்தன. சுருள்கள் எல்லாமே ஓர் எண்ணும் அதற்கு அடுத்த எண்ணும் கொண்ட இணைகள்: 7, 8 என்பது போன்றவை. ஃபிபொனாச்சி இணை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மேலும், வித்துகள் உருவாகும் பைகளான வித்தகங்களும் இலைகளும் ஒரே சுருளில் மாறி மாறி இடம்பெற்றிருந்தன. லைக்கோபாட் இலையும் வித்தகமும் வளர்ச்சியில் நெருங்கிய உறவுடையவை என்ற கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

இந்த முடிவைப் படிக்கும்போது அதன் எல்லையையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆராயப்பட்டது ஓர் இனம். லைக்கோபாட்களின் இலையும், பெரணிகள், ஊசியிலை மரங்கள், பூக்கும் தாவரங்கள் ஆகியவற்றின் இலையும் தனித்தனியே தோன்றியவை. எனவே 'பண்டைத் தாவரங்களில் ஃபிபொனாச்சி இல்லை' என்று பொதுமைப்படுத்துவது தவறு. இலையுள்ள எல்லாத் தாவரங்களுக்கும் பொதுவான மூதாதையிலேயே ஃபிபொனாச்சிச் சுருள் தோன்றி, இன்றுவரை வழிவழியாகக் காக்கப்பட்டது என்ற எளிய கதை இனி நிற்காது என்பதே சரியான வாசிப்பு. 7, 8 இணைக்குரிய கோணங்களிலும் 47.256° போன்று பின்னங்களுக்கு அகப்படாதவை உள்ளன என்று ஐந்தாம் படியில் கண்டோம். ஆகவே அந்தச் செடியின் அமைப்பைக் குறைபாடுள்ள தொடக்க முயற்சி என்று கருதவும் கணிதத்தில் ஆதாரம் இல்லை.

எட்டாம் படி: ஆய்வுரையைத் திறத்தலும் சொந்தத் தரவும்

கணித ஆய்வுரைகள் பெரும்பாலும் ஆர்க்கைவ் முன்வரைவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் சுருக்கத்தையும் தேற்றத்தின் கூற்றையும் மட்டும் படித்து, அட்டவணைச் செயலியில் மூன்று கோணங்களுக்குச் சோதித்த பிறகே நிறுவலுக்குச் செல்லுங்கள். உயிரியல் ஆய்வுரையில் படங்களும், எத்தனை மாதிரிகள் எண்ணப்பட்டன என்ற பகுதியும் முதலில் படிக்கத்தக்கவை; விவாதப் பகுதியைக் கடைசியில் படியுங்கள், ஏனெனில் அங்கேதான் ஆசிரியர்களின் ஊகமும் தரவும் அருகருகே நிற்கும்.

சொந்தமாக எண்ணத் தொடங்குவோர் ஒவ்வொரு மாதிரிக்கும் செடியின் பெயர், இடம், நாள், எண்ணிய உயரம் அல்லது ஆரம், இரு குடும்பங்களின் எண்ணிக்கை, சுருள் ஏறும் திசை ஆகியவற்றை ஒளிப்படத்துடன் பதிவுசெய்ய வேண்டும். திசையை அற்பமாக எண்ண வேண்டாம்: கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் டி. ஏ. டேவிஸ், தென்னையின் ஓலைகள் இடப்பக்கம் சுருள்கின்றனவா வலப்பக்கமா என்று மட்டும் பார்த்து, அந்தத் திசை மரபுவழி இறங்குவதில்லை என்று 1960களில் காட்டினார். பூக்கடையில் கிடைக்கும் ஜெர்பராவும் நல்ல மாதிரி; அதன் தலையில் சுருள் உருவாகும் விதத்தை ஹெல்சிங்கி, கால்கரி ஆய்வாளர்கள் 2021இல் விரிவாக விளக்கியுள்ளனர்.

லைக்கோபாட்களின் இன்றைய வாரிசுகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான சரிவுகளில் வளர்கின்றன. உயிருள்ள லைக்கோபாட்களில் ஃபிபொனாச்சி அல்லாத சுருள்களும் வட்டங்களும் கலந்து வருவதைப் போலந்தின் எடிட்டா கோலா விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். காப்புக்காட்டில் செடியைப் பிடுங்காமல், தண்டைப் பல பக்கங்களிலிருந்து நெருக்கமாகப் படமெடுத்து, வீட்டில் பெரிதாக்கி எண்ணலாம். ஒரே செடியின் இரண்டு கிளைகளைத் தனித்தனியே எண்ணி, இரண்டுக்கும் எண்கள் வேறுபட்டால் இரண்டையும் பதிவுசெய்யுங்கள். ஆஸ்டிராக்சிலானின் தண்டுகளிலும் அமைப்பு தண்டுக்குத் தண்டு மாறியே இருந்தது.